விபவ ஆண்டுக் குழப்பம்: குமரேசனுக்கு ஒரு கடிதம்

தருமபுரி

அன்புள்ள குமரேசனுக்கு,

இங்கு அனைவரும் நலம். எட்டு மாதங்களாக எழுதாததற்கு நீ திட்டுவதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி.

பாலக்கோட்டுப் பெரியம்மாவின் பெயர் சென்ற மாதம் கண் பரிசோதனை முகாமின் பட்டியலில் இல்லாமற்போயிற்று. அதற்குக் காரணம் நான் எழுதிய கணினி நிரல். அவர் பிறந்த நாளை 14-08-28 என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அட்டவணை மென்பொருளான எக்செல்லின் நெடுநாள் வழக்கப்படி, ஆண்டை இரண்டிலக்கமாக எழுதினால் 00 முதல் 29 வரை இரண்டாயிரங்களிலும், 30 முதல் 99 வரை ஆயிரத்துத் தொள்ளாயிரங்களிலும் சேரும். ஆகவே பெரியம்மா 2028இல் பிறக்கவிருப்பவர் ஆனார். வயது எதிர்மறையாக வந்த வரிகளை என் நிரல் ஓசையின்றி நீக்கிவிட்டது. 1931இல் பிறந்த எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு மட்டும் அழைப்புச் சீட்டு வந்ததைப் பார்த்து, "என்னை விட்டுவிட்டாயேடா" என்று பெரியம்மா கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. தேதியாக அல்லாமல் வெறும் எழுத்தாகப் பதிவான வரிகளை, நான் நிரல் எழுதிய மொழியான பைத்தான் தன் வழக்கப்படி படித்தது. அதற்கு எல்லை 69; அதற்குக் கீழுள்ளவை இரண்டாயிரங்களில் சேரும். எனவே 1945இல் பிறந்தவர்கள் 2045க்குப் போய்விட்டார்கள். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளுக்கோ எல்லை 70. அதே '69' பைத்தானில் 1969, அங்கே 2069. எதிர்காலத் தேதியாக இருந்தால் நூறாண்டைக் கழித்துவிடலாம் என்று நீ சொல்வாய். பிறந்த நாளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும்; ஆனால் '14' என்பது 1914ஆ, 2014ஆ என்பதை எந்தக் கழித்தலும் சொல்லாது. மூலத்தாளைப் பார்த்து நான்கு இலக்கமாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை; இப்போது ஒவ்வொரு வரியாக அதைத்தான் செய்து வருகிறேன்.

பெரியம்மாவிடம் கேட்டதற்கு, "விபவ வருஷம், ஆடி மாசம்" என்றார். அறுபது ஆண்டுக்கொருமுறை விபவ திரும்பி வருமே என்றேன். "அடுத்த விபவயில் பிறந்தவள் என் பேத்தி" என்று உடனே பதில் வந்தது. நம் பஞ்சாங்கத்தில் ஆண்டின் பெயரோடு கலி, சக ஆண்டுகளையும் சேர்த்து எழுதுவது இந்தக் குழப்பத்துக்காகவும்தானே, குமரேசா!

1999இல் பெங்களூரில் நாம் இரவெல்லாம் விழித்துத் திருத்திய அந்தக் கோபோல் என்னும் பழைய கணினி மொழி நிரல் நினைவிருக்கிறதா? ஆண்டுக்கு இரண்டே இடம். அதை அகட்டினால் எல்லாக் கோப்புகளையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதனால் ஐம்பதை எல்லையாக வைத்து, 49 வரை இரண்டாயிரம் என்று முடித்துக்கொண்டோம். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் 2050ஐ 1950 என்றே படிக்கும். நெடுங்காலக் கடன் கணக்குகளில் அந்தத் தேதிகள் இப்போதே வந்திருக்கும். அங்கே உனக்கு இன்னும் ஆள் பழக்கம் உண்டு. தயவுசெய்து இந்த வாரமே விசாரித்து எழுது.

முகாம் மருத்துவர் பெரியம்மாவை வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டார். வலக் கண்ணில் புரை. அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நீ வந்தால் மகிழ்வார்.

அன்புடன்,
முருகேசன்