லெஸ்டாட்டுக்குப் பாட்டுக் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஏஎம்சி தொலைக்காட்சியின் எழுத்துக் குழுவினருக்கும் இசையமைப்பாளர் டேனியல் ஹார்ட்டுக்கும்,

வணக்கம். நாவலாசிரியை ஆன் ரைஸின் ரத்தக்காட்டேரி லெஸ்டாட் ராக் பாடகனாகும் கதையை உங்கள் 'இன்டர்வியூ வித் தி வேம்பயர்' தொடரின் மூன்றாம் பருவமாக எடுக்கிறீர்கள் என்று தெரிந்ததும் அதே கதையை வைத்து 2002இல் வந்த 'குயின் ஆஃப் தி டேம்ன்டு' படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அன்றைக்கே ஏமாற்றம்தான், வயது கூடியும் படம் தேறவில்லை. ஆனால் எங்கே சறுக்கியது என்று இம்முறை தெளிவாகப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில், பழியை இசைமேல் போட்டுவிடாதீர்கள். கோர்ன் என்ற ராக் குழுவின் பாடகர் ஜோனதன் டேவிஸும் ரிச்சர்ட் கிப்ஸும் சேர்ந்து செய்த இசை அது. 'சக்தி' இசைக்குழுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு வாசித்த நம் எல். சங்கரின் வயலினும் அதில் உண்டு. திரையில் லெஸ்டாட்டாக ஸ்டூவர்ட் டவுன்சென்ட் வாயசைக்க, பின்னால் ஒலிப்பது டேவிஸின் குரல். ஆனால் அவர் வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் இசைத்தட்டில் அந்தக் குரலைச் சேர்க்க முடியவில்லை. செஸ்டர் பென்னிங்டன், டேவிட் டிரைமன், மர்லின் மேன்சன், வேய்ன் ஸ்டாட்டிக், ஜே கோர்டன் ஆகிய ஐவர் ஆளுக்கொரு பாட்டாகப் பாடிக் கொடுத்தார்கள். படத்தில் ஒரு லெஸ்டாட், தட்டில் ஐந்து லெஸ்டாட்! அப்படியும் அந்தத் தட்டு அலுக்கவில்லை. நாதஸ்வரக் கச்சேரி பிரமாதம், மாப்பிள்ளையைத்தான் காணோம் என்கிற கதை.

லெஸ்டாட் எதற்காகப் பாடுகிறான்? நாவலில் இதற்குப் பதில் இருக்கிறது. தங்கள் இனத்தைப் பற்றி மனிதர்களிடம் ரத்தக்காட்டேரிகள் மூச்சுக்கூட விடக்கூடாது. இவனோ ஆதித்தாய் அகாஷாவின் பெயர் உட்பட எல்லா ரகசியத்தையும் பாட்டில் போட்டு ஊரறியக் கத்துகிறான். பாடுவதே குற்றம். மற்றவர்கள் அவனைக் கொல்லக் கிளம்புவது அதனால்தான். படம் இதை இரண்டு வரி வசனத்தில் கடந்துவிடுகிறது. பாட்டில் அவன் எதைப் போட்டு உடைத்தான் என்று பார்க்கிறவனுக்குப் பிடிபடுவதே இல்லை. கச்சேரியை மட்டும் கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில் நடப்பதாகச் சொல்லி, ஆஸ்திரேலியாவில் பெருங்கூட்டம் கூட்டிப் படமாக்கினார்கள். கூட்டம் அசல் வெறியோடு ஆடுகிறது. அந்த நேரம் பார்த்துப் பாட்டு அடிதடியாகிறது, ஆளாளுக்குப் பறக்கிறார்கள்.

1985, 1988 ஆண்டுகளின் இரண்டு தடித்த நாவல்களை சுமார் நூறு நிமிடத்தில் திணித்தால் வேறென்ன ஆகும்? லெஸ்டாட்டின் தாய் கேப்ரியல் இல்லை. தோழன் லூயி இல்லை. வயலின் வாசிக்கும் நண்பன் நிக்கோலா இல்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. லெஸ்டாட்டின் வாழ்வில் இசை நிக்கோலா வழியாகத்தானே நுழைகிறது? ஆளை வெட்டிவிட்டு லெஸ்டாட் கையில் வயலினை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

பாடகி ஆலியா வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காரலாம். அகாஷாவாக அவர் நடந்து வரும் நடையே போதும். 2001 ஆகஸ்டில், 22 வயதில், விமான விபத்தில் போய்விட்டார். படம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. அவ்வளவு பெரிய பாடகியை வைத்துக்கொண்டு, பாட்டையே மூச்சாகக் கொண்ட ஒரு படத்தில் ஒரு வரிகூடப் பாட வைக்கவில்லை. இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ!

உங்களிடம் லெஸ்டாட்டாக நடிக்க சாம் ரீட் இருக்கிறார், சொந்தக் குரலிலேயே பாடுகிறார். பாதிக் கவலை அதிலேயே தீர்ந்தது. மீதிக்குச் சில வேண்டுகோள்கள். பாட்டு வரிகளைக் கதைக்காரர்களே கவனியுங்கள். ஒவ்வொரு பாட்டும் யாரோ ஒருவரின் ரகசியத்தைக் காட்டிக் கொடுக்கட்டும். கூட்டத்தின் நடுவே நிற்கும் ஒருத்திக்கு மட்டும் அது உறைக்கட்டும், அவள் முகத்தைக் காட்டுங்கள். நிக்கோலாவுக்கு நேரம் ஒதுக்குங்கள். பாட்டு ஓடும்போது சண்டை வேண்டவே வேண்டாம். கடைசிச் சரணம் முடியட்டும், அப்புறம் யாரை வேண்டுமானாலும் கொளுத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அந்த இசைத்தட்டை இன்னும் வைத்திருக்கும் ஒரு ரசிகன்