மாமரத்தடியில் என்ன வைப்பது

செல்விக்கு அம்மா எழுதுவது.

அத்தை மகன் வேலை விஷயமாகக் கோயம்புத்தூர் வருகிறான். அவனிடம் ஒரு கட்டைப்பை கொடுத்து விட்டிருக்கிறேன். ஈரச் சாக்கில் சுற்றியிருப்பது டெல்லி கனகாம்பரக் குச்சி. கறுப்புப் பையோடு இருப்பது நந்தியாவட்டைக் கன்று. வந்ததும் பிரித்து நிழலில் வை. போனில் சொல்லலாமென்றால் நீ ‘மீட்டிங்ம்மா’ என்று வைத்துவிடுகிறாய்.

புது வீட்டுப் பின்பக்கம் என்று நீ அனுப்பிய போட்டோவை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மரம் நல்ல மரம்தான். ஆனால் கொடியை அதன் அடியிலேயே கட்டியிருக்கிறாய். இரண்டு சுடிதார், ஒரு துண்டு என்றாலும் வெயிலில் காய வேண்டாமா? தெருப்பக்கம் மாற்றிக் கட்டு.

மல்லிகை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நிலக்கோட்டையில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வியா அது? மல்லிகைக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். நிழலில் இலையாகத் தழைக்கும், மொட்டு வைக்காது. கார்த்திகையில் கவாத்து செய்தாலும் அதே கதைதான். ரோஜாவும் அப்படியே.

கனகாம்பரம் அரை நிழலைத் தாங்கும். அதற்காக மரத்தைக் கட்டிக்கொண்டு வைக்காதே, கிழக்கு ஓரத்தில் காலை வெயில் விழுகிற இடமாகப் பார். நம் வீட்டு நாட்டுக் கனகாம்பரம் மாதிரி மழையில் காய் வெடித்துத் தானாக முளைக்காது இது. டெல்லிக்கு விதை கிடையாது, குச்சிதான். இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்று. வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்காதே, சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தப் புத்தி. வேர்ப்புழு விழும் செடி இது, ஊன்றுவதற்கு முன்னால் மண்ணில் வேப்பம் பிண்ணாக்கு ஒரு கை போட்டுக் கலந்துவிடு.

நந்தியாவட்டைக்கு ஒன்றரை அடிக் குழி வேண்டும். மாப்பிள்ளையைத் தோண்டச் சொல். தோண்டின மண்ணில் பாதி, மக்கின சாணி எரு பாதி. பையைக் கிழித்துவிட்டு வை. போன வீட்டில் பையோடு புதைத்துவிட்டு, செடி வளரவில்லை என்று என்னிடம் சண்டை போட்டவள் நீ.

இட்லிப்பூ வாங்கப் போகிறேன் என்றாய். வாங்கு, ஆனால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வைக்காதே. சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணில் இறங்கும். இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், கண்ணுக்கே பிடிக்காது. நர்சரியில் பூ குலுங்கி நிற்கிறதை எடுக்காதே, மொட்டும் துளிருமாக இருப்பதை எடு. பைக்கு அடியில் வேர் சுருண்டு கிடந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. இலையில் வெள்ளை தெளித்த மாதிரி டிபன்பேக்கியா என்று ஒன்று வைத்திருப்பான். கடித்தால் வாயெல்லாம் வீங்கும். பூனை வளர்ப்பதாகச் சொன்னாயே, அதற்காகச் சொல்கிறேன். துணைக்குப் பூனை இருப்பதும் நல்லதுதான்.

மரத்தண்டை ஒட்டி ஒரு வெற்றிலைக்கொடி ஏற்று, அதற்கு நிழல்தான் சொர்க்கம். பாம்புக் கற்றாழையும் பெரணியும் மற்ற மூலைக்குப் போதும். நிழலில் மண் சீக்கிரம் காயாது, தினமும் ஊற்றாதே. விரலை விட்டுப் பார்த்து ஊற்று. செடி சாவதில் பாதி தண்ணீரால்தான்.

குழி விஷயம் ஒன்று. மாமர வேர் குறுக்கே வந்தால் வெட்டாதே, தள்ளித் தோண்டு. மாப்பிள்ளையிடமும் சொல். அவருக்கு நேரமில்லை என்றால், முந்தின நாள் ராத்திரியே அந்த இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிடு. காலையில் கடப்பாரை கூட வேண்டாம், களைக்கொத்து போதும். நீயே தோண்டிவிடலாம். ஒன்றரை அடி என்றேனே, ஒரு அடி தோண்டினாலும் போதும்.

நீ அனுப்பிய பணத்தில் மோட்டார் மாற்றியாகிவிட்டது. மகன் பெற்றவர்களுக்குக் கூட இப்படி அமையவில்லை என்று மேலத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பெருமைதான். பணம் தேதி தவறாமல் வருகிறது, நீதான் வரவில்லை. பொங்கலுக்கும் இல்லை, சித்திரைக்கும் இல்லை. ஆபீஸ் பக்கம் என்றுதான் வீடு மாறினாய் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

குழியை ஆடி முடிவதற்குள் தோண்டிவிடு, சாரல் இருக்கிறபோதே. சாயங்காலமாக நடு. வெற்றிலைக்கொடி அந்தப் பக்கம் கிடைக்காவிட்டால் சொல், அடுத்த முறை கொடுத்து விடுகிறேன். இல்லையென்றால் நீ வந்து எடுத்துக்கொண்டு போ. உன் அறையில் போட்டிருந்த நெல்மூட்டையை அப்பா நேற்று நடைக்கு மாற்றிவிட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சித்தி மகள் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் ஜவுளி எடுக்கப் போகிறோம். உனக்கு என்ன கலர் என்று சொல். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுக்கவா என்று அப்பா கேட்கச் சொன்னார். எடு, வேண்டாம், ஏதாவது ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. காரணமெல்லாம் எழுத வேண்டாம்.

கட்டைப்பையை அத்தை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிடு, அது அவர்கள் வீட்டுப் பை.

அம்மா