மெட்டி அறுத்த கதை

கோபி,
மார்கழி 10

அன்புள்ள சரசு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே அம்மிணி, எல்லாம் இந்தக் காலால்தான்.

மார்புப் புற்றுக் கட்டிக்கு டோசிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து ஏற்றினார்கள் அல்லவா? நாலாவது ஊசிக்கு அப்புறம் இரண்டு காலும் வீங்கின. அந்த மருந்துக்குக் கால் வீங்கும். அதற்காகவே ஊசிக்கு முந்தின நாளிலிருந்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அதனால் நான் சொன்னபோது, "நீருதானுங்கம்மா, வடிஞ்சிரும்" என்று விட்டுவிட்டார்கள். வடியத்தான் செய்தது. ஆனால் தோல் கெட்டிப்பட்டுவிட்டது. கெண்டைக்காலில் கிள்ளினால் விரலுக்குள் தோல் வராது, காய்ந்த சுரைக்குடுக்கையைத் தடவுகிற மாதிரி இருக்கும். மெட்டி இறுகிப்போய், பத்தர் வீட்டுக்கே வந்து அறுத்தெடுத்தார். குத்தவைத்துக் கோலம் போட முடியவில்லை. மருமகள்தான் போடுகிறாள். புள்ளி தப்புகிறது, வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

கோயமுத்தூரில் மூட்டுவாத டாக்டர் துளி தோல் எடுத்துச் சோதித்தார். ஸ்க்ளீரோடெர்மா என்று ஒன்று உண்டாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பின் மீது பாய்ந்து தோலை இறுக்கிவிடுமாம். எனக்கு அதைக் காட்டிக்கொடுக்கும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, அந்த நோயில் வருகிற மாதிரி குளிரில் விரல் வெளுப்பதில்லை, நுரையீரலும் சுத்தம். அதனால் இது தானாக வந்தது அல்ல, கீமோ மருந்து கிளப்பிவிட்ட, அதன் சாயலில் இருக்கிற நோய் என்றார். மருந்தை நிறுத்தினால் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இளகிவிடுமாம்.

வருகிற ஒறம்பரையெல்லாம், "கீமோ போடாம மஞ்சளும் வேம்பும் தின்னிருக்கலாமுங்" என்கிறார்கள். கட்டி கரைந்ததும் அந்த ஊசியில்தான் என்பது மட்டும் யார் நினைவிலும் இல்லை. எனக்கு வருத்தம் கீமோ போட்டதில் இல்லை, வீக்கம் வடிந்ததும் நான் சும்மா இருந்ததில்தான்.

தோல் இறுக்கத்துக்கு இப்போது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். கூத்தைப் பார், அதுவும் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்துதான்! இங்கே சின்ன அளவு, வாரம் ஒரே நாள். தினமும் விழுங்கினால் ஆபத்து என்பதால் அட்டையில் பையன் பேனாவால் 'வெள்ளி' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருக்கிறான்.

உன் நாத்தனாருக்கும் கீமோ ஆரம்பம் என்று எழுதியிருந்தாய். தோல் இறுகினாலோ, விரல் வெளுத்து நீலம் பாய்ந்தாலோ, வெயில் பட்ட இடம் தடித்தாலோ அடுத்த ஊசிக்கு முன்னாலேயே டாக்டரிடம் காட்டச் சொல். அசதி என்று விட வேண்டாம்.

தை பிறந்ததும் வா. சந்தகை பிழிய ஆள் வேண்டும். நான் முக்காலியில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் மட்டும் எடுப்பேன்.

உன்,
பாப்பு