சங்குக் கிட்டங்கியைப் பொதுத் தொழிற்கூடமாக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மன்னார் வளைகுடாவில் நம் ஆட்கள் மூச்சடக்கி எடுத்துவரும் சங்கு மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போகிறது. அங்கே அதை அறுத்து, இழைத்து, பூ செதுக்கி, மணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையாக்குகிறார்கள். தரம் பிரித்து எடைபோடுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. வளை அறுக்கத் தெரியாத கடற்கரையா இது? வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் ரோமானியக் காசுகளோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. தொழில் இங்கேயும் இருந்தது. பிறகு கைவிட்டுப் போயிற்று.

வங்காளத்துக் கைவினைஞர்களுக்கு நம்மைவிடத் திறமை கூடுதல் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவர்களுக்குத் தெரு இருக்கிறது. டாக்காவில் சங்கு அறுப்பவர்களின் பெயரிலேயே சாங்காரி பஜார் என்று ஒரு தெரு உண்டு. அறுப்பவர், மெருகிடுபவர், வாங்கி விற்பவர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, ஒருவர் புதிதாக ஒன்றை முயன்று பார்ப்பதற்குச் செலவு குறைவு. தோற்றாலும் ஒரு சங்குதான் வீண். இங்கே ஒருவர் அதே முயற்சியைச் செய்ய வேண்டுமென்றால் முதலில் இயந்திரம் வாங்க வேண்டும். தோற்றால் குடும்பமே கடனில் மூழ்கும்.

எங்கள் திட்டத்தின் அடிப்படை இவ்வளவுதான். இந்தக் கரையில் யோசனைக்குப் பஞ்சமில்லை. யோசனையைச் சின்னச் செலவில் செய்து பார்க்க ஓர் இடம் இல்லை.

பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். சிவகாசியும் நம்மைப் போல வானம் பார்த்த பூமிதான். அங்கிருந்து சண்முக நாடாரும் அய்ய நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகம் வளர்ந்தது. அந்த அச்சகங்களிலிருந்து நாடெங்கும் காலண்டரும் டைரியும் போகின்றன. இன்னொரு கிளையாகப் பட்டாசு வந்தது. ஒரு தொழில் ஊன்றியதும் அதன் தேவைகளே அடுத்த தொழிலுக்கு வழிவிட்டன. அங்கே நேர்ந்த விபத்துகளையும் குழந்தைத் தொழிலாளர் கொடுமையையும் மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. அதனால்தான் எங்கள் விதிகளில் பாதுகாப்புக்கு முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

நம் கரையில் நின்றுபோன முயற்சிகள் எத்தனையோ. எங்கள் ஊர் படகு மெக்கானிக் ஒருவர், வலை இழுக்கும் உருளையை நாட்டுப்படகுக்கு ஏற்றபடி சிறிதாக்கி வரைந்து வைத்திருக்கிறார். அதற்கான பல்சக்கரத்தை வெட்டித்தர இங்கே லேத் இல்லை. நூறு கிலோமீட்டர் தாண்டி மதுரைக்குப் போனால், ஒரே ஒரு சக்கரம் என்றதும் பட்டறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கருவாடு போடும் பெண்கள் சிலர் மணல் ஒட்டாமல், ஈ மொய்க்காமல் காயவைக்கும் கூண்டு ஒன்றைத் தாங்களே யோசித்திருக்கிறார்கள். அதற்குக் கடன் கேட்டபோது, விற்பனை ஆர்டர் எங்கே என்றது ஒரு வங்கி. ஆர்டர் கேட்ட கடையில் மாதிரி எங்கே என்றார்கள். மாதிரி செய்யத்தானே கடன்!

வடகடல் எனப்படும் பாக் நீரிணைப் பக்கம் கடல்பாசி வளர்ப்பவர்கள் கதை வேறு. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் மிதவையில் நாற்றைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. ஆனால் வாடைக்காற்று அடித்தால் மூங்கில் முறிகிறது, கயிறு அறுகிறது. மற்ற நாளில் மீன் வந்து மேய்ந்துவிடுகிறது. மிதவையின் அமைப்பை எப்படி மாற்றலாம் என்று அதில் இறங்கி வேலை செய்யும் பெண்களுக்குத்தான் தெரியும். புதிய கருவியை மட்டுமல்ல, புதிய விதியையும் யோசிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கரைப் பெண்கள். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், தானே வளரும் பாசியை எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது கிடைத்தது.

அரசுத் திட்டங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. தமிழக அரசின் தொழில்முனைவோர் திட்டமான நீட்ஸ், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவை மானியத்தோடு கடன் தருகின்றன. புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் வட்டார மையம் மதுரையில் இருக்கிறது. அவற்றை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாமே திட்ட அறிக்கையிலிருந்து தொடங்குகின்றன. கையில் பாதி யோசனையோடு நிற்பவருக்கு அறிக்கை எழுதும் நிலை வருவதற்குள் ஆர்வமே வற்றிவிடுகிறது. அந்த இடைவெளிக்குத்தான் இந்தத் தொழிற்கூடம். மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில் விஞ்ஞானி கல்பாக் 1983இல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமத்தில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத் துணையோடு இப்படியொரு கூடம் 2002 முதல் நடக்கிறது. கிராமத்தில் இது நடக்குமா என்ற கேள்விக்கு அதைத்தான் பதிலாகச் சொல்கிறோம்.

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையே, பயன்பாடின்றிக் கிடக்கும் பழைய சங்குக் கிட்டங்கி ஒன்றை அதன் உரிமையாளர் நீண்டகாலக் குத்தகைக்குத் தர இசைந்திருக்கிறார். புதுக் கட்டடம் எழுப்பலாமே என்று பலர் கேட்டார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் புதிதாகக் கட்ட அனுமதி பெறுவது எளிதல்ல. மேலும், கிட்டங்கியின் சுண்ணாம்புச் சுவர் இன்னும் உறுதியாக இருக்கிறது. கூரைதான் போய்விட்டது.

உள்ளே லேத், துளையிடும் இயந்திரம், வெல்டிங், மரவேலைப் பகுதி, சங்கு அறுக்கும் மேசை இருக்கும். சங்குத் தூசி நெஞ்சுக்குள் போனால் ஆயுளைத் தின்றுவிடும். எனவே நீர் சொட்டும் வாளும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் அந்த மேசையைத் திறக்கவே மாட்டோம். தனியறையில் உலர்த்துவதும் பொதி கட்டுவதும் நடக்கும். பனை ஓலைக் கொட்டான் முடையும் பெண்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். கணினி ஒன்றும் வரைகலை தெரிந்த ஒருவரும் வாரத்தில் சில நாள் இருப்பார்கள்.

கட்டணம் மணிக்கணக்கில். முதல் மாதிரிக்குக் கட்டணமே இல்லை, அது ஓடினாலும் ஓடாவிட்டாலும். செய்தவரின் வடிவம் செய்தவருக்கே சொந்தம். குழு அதில் பங்கு கேட்காது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளும் இரவிலும் கூடம் திறந்திருக்கும், ஏனென்றால் கை சும்மா இருக்கும் காலம் அதுதான். பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு. கடலில் இறக்கிச் சோதிக்கும் எதையும் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கேட்காமல் இறக்கக்கூடாது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை அண்டிய நீரில் அறவே கூடாது. வளர்ப்புக்கு வந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளப்பாறை மேல் படர்ந்ததை நாம் பார்த்தோம் அல்லவா?

செலவு மொத்தம் ரூ.24 லட்சம். கூரையும் தளமும் 7 லட்சம். மும்முனை மின்இணைப்பு 2 லட்சம். இயந்திரங்கள் 9 லட்சம், பெரும்பாலும் பழையவை வாங்கிச் சீர்செய்வதாகத் திட்டம். உலர்த்தும் அறை 3 லட்சம். மீதி 3 லட்சம் முதல் ஆண்டு மின்கட்டணத்துக்கும் பராமரிப்புக்கும். உப்புக்காற்றில் இரும்பைக் காப்பது தனிச் செலவு என்பதை இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊர் மக்களிடமிருந்து இதுவரை ரூ.4.5 லட்சம் சேர்ந்திருக்கிறது. கோயில் கமிட்டியும் ஜமாத்தும் பங்குப் பேரவையும் தனித்தனியே தந்ததும் இதில் அடங்கும்.

பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. ஓடும் நிலையில் உள்ள பழைய இயந்திரம், தேக்கு, இரும்புச் சட்டம், படகு கட்டும் ஓடாவி ஒருவரின் ஒரு வார உழைப்பு எல்லாமே எங்களுக்குப் பணம்தான். பெரிய தொகை தருபவர்களின் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கும் எண்ணம் இல்லை. கேட்டுப் பார்த்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

குழு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்கீழ் பதிவு பெற்றது. 80ஜி சான்று இன்னும் வரவில்லை. ஆகவே வருமான வரிச் சலுகையை எண்ணி யாரும் இப்போது தர வேண்டாம். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பலாம். மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்ட சொந்தங்களிடம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி நாங்கள் இப்போதைக்கு வாங்க இயலாது. ஊருக்கு வரும்போது கிட்டங்கியைப் பார்த்துவிட்டு, தெரிந்த தொழிலை இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும்.

ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தராதீர்கள், குழுவில் இருப்பவர் கேட்டாலும் சரி. வரவு செலவு மாதந்தோறும் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கூரை வேய்ந்தாக வேண்டும் என்பதால், கூரைக்கென்று தர நினைப்பவர்கள் ஆவணி முடிவதற்குள் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பொதுத் தொழிற்கூடக் குழுவினர்