தொப்புள்கொடி ரத்தத்தை எடுக்கச் சொல்

காரைக்குடி

அன்புள்ள உமையாளுக்கு, ஆத்தா எழுதுவது.

அப்பச்சி நலம். வளவில் ஓடு மாற்றும் வேலை மழைக்கு முன்பே முடிந்துவிட்டது. சீப்புச்சீடையும் மாவுருண்டையும் அனுப்பினேன். வந்து சேர்ந்ததா என்றுகூட உன்னிடமிருந்து பதில் இல்லை.

அம்மானுக்கு இருந்த ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய், உன் வழியாகப் பிள்ளைக்கும் போகுமா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள் என்று சொன்னாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே மாப்பிள்ளையின் அலுவலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறாய். நான் முடிவைக் கேட்கவில்லை. அந்த நோயைக் கடத்தும் மரபணு எனக்கு உண்டு என்று வந்தபோது பக்கத்தில் இருந்தவள் நீதான். எனக்கு உண்டென்றால் உனக்குப் பாதிக்குப் பாதி. உனக்கும் இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு மகனுக்கும் அந்த நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே ஆண்பிள்ளை என்று நினைத்தே எல்லா ஏற்பாட்டையும் செய்யச் சொல்.

அம்மானை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அவருக்கு முன்னால் பிறந்த பெரியவனைப் பற்றி உன் ஆயா கடைசிவரை வாய் திறக்கவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்தால் பச்சைப் பிள்ளை வீறிட்டு அழும் என்று காத்திருக்க முடியாது; பால் குடிக்காமல் துவண்டு கிடக்கலாம், வலிப்பு வரலாம். அதனால்தான் சொல்கிறேன்: குறடும் வேண்டாம், வாக்குவம் வைத்து இழுப்பதும் வேண்டாம். பிள்ளை பிறந்ததும் அதன் உடம்பில் குத்தாமல் தொப்புள்கொடியிலிருந்தே ரத்தம் எடுத்து, ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 அளவைப் பார்க்கலாம். பிறந்த அன்றே தெரிந்துவிடும். அந்த முடிவு வரும்வரை தொடையில் ஊசி வேண்டாம். வைட்டமின் கே கட்டாயம் வேண்டும், அதை விட்டுவிடாதே. வாய் வழியாகக் கொடுக்கச் சொல்.

உன் அளவையும் பார்க்கச் சொல். மாதம் ஏற ஏற ஃபேக்டர் 8 தானாகவே கூடும், பிள்ளை பிறந்த பின் மளமளவென இறங்கிவிடும். அந்த நாட்களில் உதிரப்போக்கு நிற்காமல் போனால் உன் பாடும் ஆபத்துதான். எல்லோரும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று நம் ஆட்கள் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பேசட்டும். நடுராத்திரியில் ஃபேக்டர் அளவு பார்க்கவும் மருந்து ஏற்றவும் ஆள் இருக்கிற பெரிய மருத்துவமனையில்தான் நீ இருக்க வேண்டும். நான் அங்கே வந்துவிடுகிறேன், பத்தியச் சமையலுக்கு ஆள் தேட வேண்டாம். காது குத்தையும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அம்மானின் வேலூர் ஃபைலைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எழுத்துக்கூட்டிப் படித்து, இது தோஷமும் இல்லை, யாரும் வைத்த செய்வினையும் இல்லை என்று வீட்டுக்கே விளக்கிச் சொன்னவள் நீ. அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அப்படிப்பட்டவள் இன்று மாமியாருக்குப் பயந்து மருத்துவரிடமும் மறைக்கலாமா? சம்பந்தம் பேசியபோது அம்மானுக்கு மூட்டுவலி என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டிய கடமை உனக்கு இல்லை. இப்போது மருந்து இருக்கிறது, உமையாள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகவே ஏற்றுகிறார்கள். அம்மான் காலத்தில் இது இருந்திருந்தால் அவர் முழங்கால் அப்படி மடங்காமல் போயிருக்காது.

அந்த ஃபைலை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது மருத்துவர் கையில் கொடு. குறடு வேண்டாம், தொடையில் ஊசி வேண்டாம், தொப்புள்கொடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று உன் பிரசவச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள். அன்று பணியில் இருப்பவர் வேறு யாராகவும் இருக்கலாம்.

மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு. உன்னால் முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை எழுது, நானும் அப்பச்சியும் வந்து சொல்கிறோம். இந்த வாரத்திற்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஆத்தா