கண்டிப் போர் நியாயமானதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடுமையிலிருந்து மக்களைக் காக்கவே ஆங்கிலேயர் கண்டி மீது படையெடுத்தனர் என்ற வாதம் இன்னும் சொல்லப்படுகிறது. இதை ஏற்க முடியாது.

1803 படையெடுப்புக்குச் சொன்ன காரணம் புத்தளம் வியாபாரிகளிடம் கண்டியர் பறித்த பாக்கு. நட்டஈட்டோடு தீரவேண்டிய வழக்கு அது. ஆனால் ஆங்கிலேய ஆளுநர் நோர்த், கண்டி அரியணைக்கு உரிமை கோரிய முத்துசாமியை அதில் ஏற்றிச் செய்த உடன்படிக்கையில் கேட்டது ஏழு கோறளை என்ற கண்டி மாகாணத்தையும், கொழும்பு - திருகோணமலை வீதிக்கான நிலத்தையும். கரையோரம் மட்டும் கையில் இருந்ததால், இரு துறைமுகங்களையும் தரைவழி இணைக்கக் கண்டியின் நிலம் தேவைப்பட்டது. நோக்கம் அங்கேயே தெரிகிறது.

ஆங்கிலப் படைத்தலைவர்களான மெக்டவல் கொழும்பிலிருந்தும் பார்பட் திருகோணமலையிலிருந்தும் பெப்ரவரியில் வந்தபோது கண்டி நகர் வெறுமையாக இருந்தது. அரிசியும் மருந்தும் மலைப்பாதையில் தலைச்சுமையாகவே வரவேண்டும். கூலியாட்கள் ஓடினர், காய்ச்சல் படையைத் தின்றது. ஜூனில், கண்டியில் எஞ்சிய படைக்குத் தலைமை தாங்கிய ஆங்கில அதிகாரி டேவி சரணடைந்தார். பெருகி ஓடிய மகாவலியைக் கடக்க வழியின்றி, அதன் கரையிலேயே அவரது வீரர்கள் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைக்கு நான் நியாயம் கற்பிக்கவில்லை.

1814இல் மன்னனின் ஆணையால் வியாபாரிகள் அங்கவீனம் செய்யப்பட்டது உண்மையே, கொடூரமே. ஆயினும் 1815இல் மன்னனைப் பிடித்ததோடு ஆங்கிலப் படை திரும்பவில்லை. அவ்வாண்டு மார்ச் 2இல் நாடே பிரித்தானிய முடிக்குரியதாயிற்று. 1818இல் ஊவாக் கிளர்ச்சியை ஒடுக்கியபோது வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. காக்க வந்தவர்கள் செய்யும் வேலையா இது?

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் உரித்துக் காட்ட முடியாத நிலம் அரசுக்குப் போனது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலை செய்யவே மலையகத் தமிழரான நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து, கால்நடையாக இங்கு சேர்ந்தனர்.

வாசகர்,
ஹட்டன்