உன் முகத்தில் இருப்பது இரண்டு எண்ணெய்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. தொலைபேசியில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய் என்பதால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது, துவைப்பதற்காக உன் பையைக் காலி செய்தேன். அதன் பக்கவாட்டு அறையில் பாதி பிதுக்கிய களிம்புக் குழாய் ஒன்று இருந்தது. முப்பது ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தவளுக்கு, கையில் கிடைத்த குழாயைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்காமல் வைக்கத் தெரியாது. மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின் என்று மூன்று பெயர்கள் இருந்தன. முதலாவது ஸ்டீராய்டு, இரண்டாவது தோலின் நிறத்தை வெளுப்பது, மூன்றாவது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்து. இந்த மூன்றும் சேர்ந்த களிம்பை முகத்தில் படரும் கருமையான மங்குக்காக, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். எண்ணெய் வழிகிறது என்பதற்காகத் தினமும் பூசிக்கொள்ளும் பொருள் அல்ல அது.

அறையில் உடன் தங்கியிருப்பவன் சொன்னான், கடையில் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள் என்றாய். முகத்தில் பூசும் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். விற்றவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் பூசிக்கொண்டது நீ. ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரம் பருவின் சிவப்பை அடக்கி, முகம் தெளிந்தது போலக் காட்டும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, கன்னத்தில் நுண்ணிய இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். அந்த மருந்தே புதிய பருக்களையும் கிளப்பும். பயந்துபோய் நிறுத்தினாலோ முகம் சிவந்து எரிந்து, முன்னிலும் மோசமாகப் பொங்கும், அதைக் கண்டு மீண்டும் குழாயைத் தேடுவார்கள். உன் கன்னத்தில் நான் பார்த்த பளபளப்பான சிவப்பு வெயிலால் வந்தது என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. எனவே குழாயை எறிந்துவிடாதே. இந்த வாரமே ஒரு நாள் விடுப்புப் போட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போட்டுக் காட்டு. எத்தனை மாதமாகப் பூசுகிறாய் என்பதைக் குறைக்காமல் சொல். எப்படிப் படிப்படியாக விடுவது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

இனி எண்ணெயைப் பற்றி. இதில் என் குற்றமும் இருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ பத்தாம் வகுப்பு படித்தபோது, உன் நெற்றியில் அப்பளம் பொரிக்கலாம் என்று அத்தை ஒரு விசேஷ வீட்டில் எல்லோர் முன்னும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து தினமும் ஐந்து முறை சோப்புப் போட்டு முகம் கழுவச் சொன்னேன், எலுமிச்சைச் சாற்றையும் தேய்த்துவிட்டேன். மருந்து படித்தவள் செய்கிற காரியமா அது? நம் தோல் ஐந்தை ஒட்டிய பி.எச். அளவில் இலேசான அமிலத்தன்மையோடு இருப்பது. சாதாரணக் குளியல் சோப்பு ஒன்பது, பத்து என்று காரமானது. எலுமிச்சையோ இரண்டை ஒட்டிய கடும் அமிலம். காலையில் காரமும் மாலையில் அமிலமுமாக உன் முகத்தை நான் படுத்திய பாட்டில் தோல் காய்ந்து உரிந்ததே தவிர எண்ணெய் குறையவில்லை. குறையவும் வழியில்லை. அந்த எண்ணெய் அழுக்கு அல்ல. மயிர்க்கால்களை ஒட்டியுள்ள சுரப்பிகள் உள்ளிருந்து அனுப்புவது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையாது, நெற்றியிலும் மூக்கிலும் தாடையிலும் நெருக்கமாக இருக்கின்றன. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் எனும் ஹார்மோன்களும் பரம்பரையும் தீர்மானிக்கின்றன. உன் அப்பாவின் திருமணப் புகைப்படத்தில் அவர் மூக்கின் மேல் விளக்கு வெளிச்சம் எப்படி மின்னுகிறது என்று பார்த்தாலே தெரியும். கழுவினால் மேலே வந்தது போகும். சுரப்பிக்கு நீ கழுவியது தெரியவே தெரியாது.

ஆனால் உன் முகத்தில் இப்போது இன்னோர் எண்ணெயும் இருக்கிறது, அதை நீ கணக்கிலேயே எடுக்கவில்லை. சட்டையைக் கழற்றியபோது உன் முன்கைகளில் கருமுனைப் பருக்களைப் பார்த்தேன். பேன்ட் உராயும் தொடையிலும் அரிக்கிறது என்றாய். சுரப்பி எண்ணெயால் வரும் பரு முகம், மார்பு, முதுகு என்று வரும். முன்கையிலும் தொடையிலும் வந்தால், உன்னைப் போல, கடைசல் இயந்திரமான லேத்தில் இரும்பை வெட்டும்போது ஊற்றும் கட்டிங் ஆயில் தெறிக்கிற வேலை செய்பவர்களுக்கு வரும் எண்ணெய்ப் பருவா என்று சந்தேகிக்க வேண்டும். கனிம எண்ணெய் மயிர்க்கால்களை அடைத்து அதை உண்டாக்குகிறது. எண்ணெயில் நனைந்த சீருடையை இரண்டு மூன்று ஷிஃப்டுக்கு அப்படியே போடுவதும், வியர்த்தால், இயந்திரம் துடைக்கக் கையில் வைத்திருக்கும் காட்டன் வேஸ்ட் எனும் நூல் கழிவாலேயே முகத்தைத் துடைப்பதும் உன் வழக்கம் என்று எனக்குத் தெரியும். அந்த வேஸ்டில் எண்ணெயோடு இரும்புத் துகளும் இருக்கும். அது தோலைக் கீறவும் செய்யும். ஆகவே சீருடையைத் தினமும் மாற்று, முகத்துக்கென்று தனித் துணி வைத்துக்கொள், ஷிஃப்டு முடிந்ததும் அறைக்குப் போகும் வரை காத்திராமல் அங்கேயே கையையும் முகத்தையும் கழுவு. கைக்குப் போடும் துணிசோப்புப் பொடியை முகத்துக்குக் கொண்டுபோகாதே. மருத்துவரிடம் நீ செய்யும் வேலையை அவர் கேட்காவிட்டாலும் சொல்.

முகத்துக்கு இப்போதைக்கு இரண்டே பொருள் போதும். நுரை குறைவான, சோப்பு அல்லாத ஃபேஸ்வாஷால் காலையில் ஒரு முறை, வேலை முடிந்து ஒரு முறை. இடையில் வழிந்தால் தண்ணீர் மட்டும், அல்லது துணியால் ஒற்றி எடுப்பது. பிறகு எண்ணெய் சேராத, ஜெல் போன்ற மாய்ஸ்சரைசர் கொஞ்சம். எண்ணெய் வழிகிற முகத்துக்கு இது எதற்கு என்று சிரிப்பாய். எண்ணெய் வேறு, தோலின் ஈரம் வேறு, உன் தோலில் முன்னது வழிகிறது, பின்னதை நீயும் நானும் சேர்ந்து கெடுத்திருக்கிறோம். பகலில் வண்டியில் போகும் நாளில் எஸ்.பி.எஃப். 30 உள்ள ஜெல் சன்ஸ்கிரீன் பூசினால், பரு ஆறிய இடத்துக் கருமை மேலும் கறுக்காது. நம் நிறத்தில் அந்தக் கருமை பல மாதம் நிற்கும் என்பதால்தான் கிள்ளாதே என்று அடித்துக்கொள்கிறேன். சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன; ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் அவற்றை நீயாகவே போட்டால் எரியும். மருத்துவர் சொன்ன பிறகு, சொன்ன அளவில் போடு. எதுவானாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதே.

சாப்பாட்டில் பொரித்ததைத் தின்றால் அந்த எண்ணெய் முகத்துக்கு வரும் என்று பாட்டி சொல்வதை நான் வழிமொழியவில்லை. ஆனால் 2007-ல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. உன் ஆலைக் கேன்டீனின் நான்கு டீயில் இரண்டை சர்க்கரை இல்லாமல் குடி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட வேண்டாம். தலையில் தேய்த்தது நெற்றிக்கு இறங்காமல், சீயக்காய் போட்டு நன்றாக அலசிவிடு. மற்ற நாளில் எண்ணெய் வைத்துக்கொண்டு தலைக்கவசம் போடாதே. அதன் உள்துணியைக் கழற்றித் துவைத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை.

இத்துடன் வரும் பொட்டலத்தில் பன்னிரண்டு துண்டுத் துணிகள் இருக்கின்றன. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து ஓரம் தைத்தேன். பட்டறைக்கு நாளுக்கு இரண்டு எடுத்துப் போ. மருத்துவர் பென்சாயில் பெராக்சைடு எழுதிக் கொடுத்தால் அது படும் துணியெல்லாம் வெளுத்துப்போகும், தலையணை உறை உட்பட. இவை வெள்ளை என்பதால் கவலையில்லை. ஓ.பி. சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா